பிரேக் இல்லாத வண்டியும் செம்மண் சாலையும்

பிரேக் கிடையாது. பந்தயத்துக்கு ஒரே கியர்தான். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோலுக்குப் பதிலாக மெத்தனால். வண்டி 77 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதற்கு மேல் ஒரு கிலோவைச் சுமக்கவும் எவரும் விரும்புவதில்லை. நின்ற இடத்திலிருந்து மூன்று விநாடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். ஸ்பீட்வே என்ற பந்தயத்துக்கு உரிய மோட்டார் சைக்கிள் இது. நான்கு பேர் நான்கு சுற்று சுற்றுவார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1. கடைசியில் வருபவருக்கு ஒன்றும் இல்லை.

வண்டி எப்போதும் இடப்பக்கமாகவே வளையும். வளைவு நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க மாட்டார். பின்சக்கரத்தை மண்ணில் வழுக்கவிட்டு வலப்பக்கம் ஒதுக்குவார். கைப்பிடியை வளைவுக்கு எதிர்த்திசையில் திருப்புவார். முன்சக்கரம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி இடப்பக்கம் போகும். இடது காலணிக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்றைப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வளைவில் அந்தக் கால் தரையை உரசிக்கொண்டே வரும். ஒவ்வொரு பந்தயத்திலும் உரசி உரசி அந்தத் தகட்டின் அடி முகம்பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதன் மறுமுனை வண்டியில் இருக்கும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அந்தக் கணமே அணைந்துவிடும். பிரேக் இல்லாததும் பாதுகாப்புக்காகத்தான். முன்னால் போகிறவர் திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் அவர்மேல் ஏறிவிடுவார். யாராலும் நிறுத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால் அந்த ஆபத்து இல்லை.

மலாக்கா மாநிலத்தில் இந்தப் பந்தயம் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்களுக்கு மேலே சொன்ன வித்தையில் பாதி தெரியும். வழுக்கும் செம்மண்ணில் முன்பிரேக்கைப் பிடித்தால் விழுவோம், காலை இறக்கி, முறுக்கைக் குறைக்காமல், பின்சக்கரத்தை அதன் போக்கில் விட்டுத் தப்பிக்க வேண்டும் என்பது தோட்டத்துப் பிள்ளைகள் பத்து வயதில் கற்றுக்கொண்ட பாடம். இதே திறமையை வைத்துக்கொண்டு பின்லாந்தில் ஒரு பையன் நாடு நாடாகப் போய்ப் பிழைக்கிறான். நம் பையன் என்ன ஆனான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பின்லாந்து சிறிய நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய 56 லட்சம். கோடைக்காலம் குறுகியது, மண்தடத்தில் பந்தயம் ஓட்டக் கிடைப்பது சில மாதங்கள்தான். மீதிக் காலம் பனி. அதையும் அவர்கள் வீணாக்குவதில்லை. ஏரிகள் உறைந்தபின் அந்தப் பனித்தரையிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள். துர்க்கு நகரில் 1945இல் பிறந்த யார்னோ சாரினென் அப்படி வளர்ந்தவர். 1965இல் பனிப்பந்தயத்தில் தேசியச் சாம்பியன், 1972இல் 250 சிசி சாலைப்பந்தயத்தில் உலகச் சாம்பியன். 1973இல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தை வென்ற முதல் ஐரோப்பியரும் அவரே. வளைவில் உடலை வண்டிக்கு வெளியே சாய்த்து, முழங்காலை நீட்டி ஓட்டுவதை இன்று மோட்டோஜிபியில் எல்லாரும் செய்கிறார்கள். அந்தப் பாணியைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். வழுக்கும் தரையில் கற்றதுதான் அவருக்குக் கைகொடுத்தது. அதே 1973 மே 20ஆம் தேதி இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஏற்பட்ட விபத்தில் அவர் இறந்துபோனார், வயது 27. அந்த விபத்தில் இத்தாலிய வீரர் ரென்சோ பசோலினியும் இறந்தார். இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஸ்பீட்வேக்கு வருவோம். அன்று, அதாவது 1970களிலும் 80களிலும், பின்லாந்துக்காரர் ஒருவர் இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைத்தால் போக வேண்டிய இடம் பிரிட்டன். 1928இல் லண்டனுக்கு வெளியே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த பந்தயத்திலிருந்து அந்நாட்டில் இது பெருகியது. 1936இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி வெம்ப்ளியில் நடந்தது. வென்றவர் ஆஸ்திரேலியரான லயனல் வான் பிராக். ஊருக்கு ஒரு குழு, வாரம் ஒரு பந்தயம், சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். கடல்தாண்டி வரும் வீரர் ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, பருவம் முழுதும் ஓட்டுவார். மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. எடுக்கும் புள்ளிக்குக் காசு. இன்ஜின், டயர், மெக்கானிக் கூலி எல்லாம் பெரும்பாலும் அவர் கைப்பணம். கை எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்தால் ஆறு வாரம் வருமானம் இல்லை. நம் தோட்டத்தில் மழை பெய்தால் ரப்பர் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை என்ற கணக்கோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

இன்ஜினின் கதையும் சுவையானது. முதலில் பல்லாண்டுகள் லண்டன் டாட்டன்ஹாமில் செய்யப்பட்ட ஜாப் இன்ஜின் கோலோச்சியது. பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வந்தது. 1970களின் நடுவில் வெஸ்லேக் நான்கு வால்வு இன்ஜினைக் கொண்டுவந்து பழையவற்றை ஓரங்கட்டியது. 1976 உலகச் சாம்பியன் பீட்டர் காலின்ஸ் ஓட்டியது அதைத்தான். அதன்பின் இத்தாலியின் ஜிஎம். 1990களில், நிமிர்ந்து நின்ற சிலிண்டரை முன்பக்கம் படுக்க வைத்தார்கள், எடை கீழே இறங்கியது. வீரர்கள் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கியாவது புதியதற்கு மாறவேண்டி வந்தது. மாறாதவர்கள் பின்தங்கினார்கள். கையில் திறமை குறையாமலேயே காசில்லாமல் பின்தங்கியவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்று பணம் இருக்கும் இடம் போலந்து. கம்யூனிச ஆட்சி முடிந்தபின் அங்குள்ள குழுக்கள் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைத் திறந்தன. டென்மார்க்கின் உலகச் சாம்பியன் ஹான்ஸ் நீல்சன் 1990இல் லுப்ளின் குழுவுக்கு ஓடினார். 2000இல் எக்ஸ்த்ராலிகா என்ற பெயரில் உயர்நிலை லீக் அமைந்தது. ஒரே இரவில் முடிந்த உலக இறுதிப்போட்டியும் போய், 1995 முதல் பருவம் முழுதும் நாடு நாடாக நடக்கும் கிராண்ட் பிரீ தொடர் வந்தது. பிரிட்டனில் குழுக்கள் சுருங்கிவிட்டன. அதனால் இன்றைய வீரர் ஒரு ஊரில் தங்குவதில்லை. திங்களன்று பிரிட்டன், செவ்வாயன்று ஸ்வீடன், புதனன்று டென்மார்க், வெள்ளியும் ஞாயிறும் போலந்து என்று வாரம் ஓடும். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு செட் வண்டியை வைத்துவிட்டு, தலைக்கவசத்தையும் காலணித் தகட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். இல்லையென்றால் வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு மெக்கானிக் இரவெல்லாம் ஓட்ட, வீரர் பின்னிருக்கையில் தூங்குகிறார். தடத்தைச் சுற்றி முன்பு மரப்பலகையும் இரும்பும் நின்ற வளைவுகளில் இன்று காற்று நிரப்பிய மெத்தைச் சுவர் நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்த நூறாண்டு விளையாட்டில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

இத்தனைக்கும் தனிநபர் ஸ்பீட்வே உலகப் பட்டத்தைப் பின்லாந்துக்காரர் எவரும் இதுவரை வென்றதில்லை. மண்தடத்தின் நீளமான வகையான லாங் டிராக்கில்தான் வென்றிருக்கிறார்கள். 2010 தொடங்கி 2013 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்தவர் யோனாஸ் கில்மாகோர்பி. அவர் பிறந்தது ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பின்லாந்திலிருந்து லட்சக்கணக்கானோர் வேலை தேடி ஸ்வீடனுக்குப் போனார்கள். பக்கத்து நாட்டின் ஆலைகளில் உழைத்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்தார்கள். கடல்கடந்து கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தச் சரித்திரம் அந்நியமானதல்ல. பின்லாந்துக்குள்ளும் ஸ்பீட்வே வளர்ந்தது: 2014இலும் 2015இலும் அங்கே தம்பெரே நகரின் ரத்தினா அரங்கில் ஸ்பீட்வே கிராண்ட் பிரீயே நடந்தது.

என்னை ஈர்ப்பது பட்டங்கள் அல்ல. பட்டம் வாங்காத பின்லாந்துக்காரர்கள்தான். உலகத் தரவரிசையின் நடுவிலும் கீழும் இருந்துகொண்டு, இருபதாண்டு காலம் இந்தத் தொழிலிலேயே சாப்பிட்டு, பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுபெற்றபின் மெக்கானிக்காகவோ பயிற்றுநராகவோ மாறி, அடுத்த பையனுக்கு வண்டி பழக்குகிறவர்கள். கெட்டிக்காரன் ஒருவன் மட்டுமே பிழைக்கக்கூடியது ஒரு துறை ஆகாது. சுமாரானவனும் பிழைக்க முடிந்தால்தான் அது துறை.

இனி நம் ஊர். மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார், பிறகு புக்கிட் அசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரித்தார். அந்த மரங்களுக்குப் பின்னாலேயே நம் சனங்களும் வந்தார்கள். ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா, டுரியான் துங்கால் என்று மாநிலமெங்கும் லயங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மண்டோர் காட்டிய நிரைக்கு நடந்தார்கள். சைக்கிள் வைத்திருந்தவன் அன்று வசதிக்காரன். கிராணியிடமும் மண்டோரிடமும்தான் அது இருந்தது. பால் காண்டாவைக் காவடியில் தூக்கி ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் பலர்.

ஹோண்டா சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. பினாங்கின் லோ பூன் சியூ அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்றார். அடுத்த இருபதாண்டில் அந்தச் சின்ன வண்டி தோட்டங்களின் முகத்தை மாற்றியது. கிளட்சு பிடிக்க வேண்டாம், செருப்புக் காலோடு கியர் மாற்றலாம், ஒரு வெள்ளிக்கு ஊற்றினால் நாள் முழுதும் ஓடும். பால்மரம் வெட்டுகிறவர்கள் சீட்டுக்குப் பின்னால் இரும்புக் கூடை கட்டி, இரண்டு பக்கமும் பால் தோம்புகளை மாட்டினார்கள். முன்கூடையில் உளியும் பசியாற ரொட்டியும். தோம்பு நிறைந்தபின் வண்டியின் கனம் முழுக்கப் பின்னால் விழும், முன்சக்கரம் காற்றில் எழப் பார்க்கும். மேட்டில் ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்து, இறங்கும்போது பின்பிரேக்கை மட்டும் தடவி, பால் ஒரு சொட்டும் தளும்பாமல் ஸ்டோர் வாசலில் நிறுத்த வேண்டும். சிந்தினால் அன்றைய கூலி சிந்தியது. எனக்குத் தெரிந்த ஒரு மாமா அந்தச் சுமையோடு, கால்வாய்மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையில் வண்டியை ஓட்டிக் கடப்பார். பலகையின் அகலம் இரண்டு சாண்கூட இருக்காது. அதைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. எல்லாரும் அப்படித்தான் கடந்தார்கள்.

அந்த வண்டியில் சாயங்காலம் பிள்ளைகள் பழகினார்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கோயில் திடலைச் சுற்றி, மழை விட்ட செம்மண்ணில். சாலையில் போலீஸ் நிற்கலாம், தோட்டத்துக்குள் யார் கேட்பது? பன்னிரண்டு வயதில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தவறுதான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் உலகத்தில் மோட்டார் சைக்கிள் வீரர்கள் உருவாகும் வயது அதுதான், உருவாகும் தரையும் அதுதான்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின, சிலவற்றில் தொழிற்பேட்டை எழுந்தது. லயத்து வேலையை இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ ஆலைகளுக்கும் நகரத்து அடுக்கு வீடுகளுக்கும் நகர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் மோட்டாரில் கிளம்பி, தெற்கே விரைவுச் சாலையில் ஜொகூர் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் வாரம் முழுதும் வேலை செய்துவிட்டு வெள்ளி இரவு திரும்பும் இளைஞர்கள் மலாக்காவில் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு வண்டியோட்டிப் போகும் அவர்களுக்கும் ஐரோப்பாவில் வேனில் தூங்கிக்கொண்டே போகும் பின்லாந்துக்காரருக்கும் களைப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம், ஒருவருக்கு ஓட்டுவதே தொழில், மற்றவருக்கு அது தொழிலுக்குப் போகும் பாடு.

தோட்டம் போனதோடு செம்மண் திடலும் போயிற்று. பிள்ளைகளின் கையிலிருந்த வித்தை போகவில்லை. அது தார்ச்சாலைக்கு வந்தது. அலோர் காஜாவிலிருந்து ஜாசின் வரை போகும் ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் இரவில் முறுக்குகிற சத்தம் கேட்டுப் படுக்கையில் எழுந்து உட்காராத தாய்மார் அந்த வட்டாரத்தில் குறைவு. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர் படத்திலும் இருபதைத் தாண்டாத ஒரு முகத்தைச் சுட்டிக்காட்டி, இவன் மோட்டாரில் போனான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆகவே, பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பிணம் சுமந்தவர்கள்.

ஆனால் இதே நாட்டில் இன்னொரு வழி இருந்தது, இருக்கிறது. அன்று பந்தயம் என்றால் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ. பிறகு 1968இல் திறந்த பத்து தீகா வட்டம். பின்னால் ஷா ஆலாம் என்று பெயர்பெற்ற அதே இடத்தில் 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது. இன்று அங்கே வீடுகள். 1999இல் சிப்பாங் வந்தது, 5.543 கிலோமீட்டர், மலாக்காவிலிருந்து மோட்டாரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தப் பெரிய வட்டங்களைவிட முக்கியமானது 1994இல் தொடங்கிய கப் பிரி என்பேன். பாலும் காய்கறியும் சுமக்கும் அதே கப்சாய் வகை வண்டிகளுக்கு முறையான தேசியப் பந்தயம். ஊர் ஊராகப் போய் நடத்தினார்கள். ஆயர் குரோவின் மோட்டார் விளையாட்டு வட்டத்துக்கும் அது வந்திருக்கிறது. இளையோருக்கென்றே ‘வீரா’ பிரிவும் அதில் வந்தது.

அந்த ஏணி எங்கே கொண்டுபோனது என்று பாருங்கள். பந்திங்கைச் சேர்ந்த சுல்பாமி கைருடின் 2012இல் சிப்பாங்கில் மோட்டோ3 பந்தயத்தை முதலிடத்திலிருந்து தொடங்கி, கடைசி வளைவில் நூலிழையில் வெற்றியை விட்டு, இரண்டாவதாக வந்தார். பேராக் கம்போங் காஜாவின் கைருல் இட்ஹாம் பாவி, 2016 ஏப்ரலில், தன் இரண்டாவது கிராண்ட் பிரீயிலேயே, அர்ஜென்டினாவின் நனைந்த தடத்தில் அடுத்தவரை இருபது விநாடிக்கு மேல் பின்னால் விட்டு வென்றார். கிராண்ட் பிரீ வென்ற முதல் மலேசியர், அப்போது வயது 17. அந்த ஆண்டே ஜெர்மனியிலும், மறுபடி ஈரத்தில், வென்றார். ஹாஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோஜிபிக்கே போனார். பாவி மழையில் ஓட்டியதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இது கம்பத்துப் பையனின் ஓட்டம். வழுக்குவதைக் கண்டு பயப்படாத கை. அந்தக் கை நம் லயங்களிலும் இருந்தது.

தமிழர்களுக்கு இது ஒத்துவராத விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்குச் சென்னையைக் காட்டலாம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமானதளத்தின் ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பந்தயம் நடத்தினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் திறந்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு மார்ச் 20ஆம் தேதி சிப்பாங்கில் 11ஆவதாக வந்தார். அதே தடத்தில் இரண்டாண்டுக்கு முன்புதான் பின்லாந்தின் கிமி ரைக்கோனன் தன் முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைப் பெற்றிருந்தார். மோட்டார் சைக்கிளில், சென்னையின் சரத்குமார் 2011இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடினார், கிராண்ட் பிரீயில் களமிறங்கிய முதல் இந்தியர். இருங்காட்டுக்கோட்டையில் பழகிய ராஜீவ் சேது போன்றவர்கள் ஆசியச் சாலைப்பந்தயத் தொடருக்காக ஆண்டுதோறும் சிப்பாங் வந்து ஓட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பையன்கள் நம்மைவிடப் பெரிய பணக்காரர்களின் பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தடம் இருந்தது, ஒரு கிளப் இருந்தது, வண்டியைக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தது.

அன்று தூரம்தான் தடை. மெர்லிமாவ் தோட்டத்துப் பையனுக்குப் பத்து தீகா என்பது இன்னொரு நாடு. பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாலும் உள்ளே நுழையத் துணிச்சல் வராது. இன்று தூரம் இல்லை. செலவு இருக்கிறது. பந்தயத்துக்குத் தயாரித்த ஒரு கப்சாயும், தோல் உடையும், டயரும், நுழைவுக் கட்டணமும் சேர்ந்தால் ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவால் முடியாது. அதைவிடப் பெரிய தடை, கூட்டிப்போக ஆள் இல்லாதது. ஓய்வுபெற்ற வீரர் மறுபடி பயிற்றுநராக வரும் அந்தச் சுழற்சி நம் வட்டாரத்தில் தொடங்கவே இல்லை. கால்பந்துக்கு நம் இயக்கங்கள் கிண்ணம் கொடுக்கின்றன, கபடிக்கும் சிலம்பத்துக்கும் ஆதரவு தருகின்றன. கோயில் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் திரட்டும் ஊர்கள் இருக்கின்றன. பையன்கள் எதில் தினமும் உயிரை வைத்து விளையாடுகிறார்களோ அந்த ஒன்றுக்கு மட்டும் ஒருவரும் ஒரு வெள்ளி ஒதுக்கவில்லை. சம்மன் கட்டவும் ஈமச்சடங்குக்கும் மட்டும் கை நீட்டுகிறோம்.

சாலைப்பந்தய வட்டம் கட்டக் கோடிகள் வேண்டும். ஸ்பீட்வேக்கு வேண்டாம். அதன் தடம் 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரைதான். ஐரோப்பாவில் பல ஊர்களில் அது கால்பந்துத் திடலைச் சுற்றியே போகிறது. நம் தோட்டங்களில் லயம் இடிந்தாலும் கால்பந்துத் திடல் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது, லாலான் மண்டி. கோல் கம்பத்தின் ஒரு பக்கம் மட்டும் நிற்கும் திடல்களை ஜாசின் மாவட்டத்திலேயே காட்ட முடியும். மேலே போட ஐரோப்பியர்கள் செங்கல்லையும் கருங்கல்லையும் பொடித்து லாரியில் கொண்டுவருகிறார்கள். நம் காலடியில் இருப்பதே செம்மண். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 125 சிசி வண்டியில் ஸ்பீட்வே ஓட்டுகிறார்கள், ஏறக்குறைய நம் கப்சாயின் அளவு. மணிக்கட்டுக் கயிறு, நல்ல தலைக்கவசம், வளைவில் மெத்தைச் சுவர், வாசலில் ஆம்புலன்ஸ், ஓட்டத் தெரிந்த ஒரு பெரியவர். இவை இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடக்கூடாது. இவற்றுக்கு ஆகும் காசு ஒரு தேர் இழுக்கும் செலவுக்குள் அடங்கும்.

நிலம் தோட்ட நிறுவனங்களிடம் இருக்கிறது. உரிமம் மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் வழியே வரவேண்டும். இளைஞர் விளையாட்டு அமைச்சு ‘வீரா’ பிரிவுக்கு ஏற்கெனவே துணைநின்றது. எந்தத் திடல், யார் பெயரில் விண்ணப்பம், எந்தப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்கும் என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் போதும். மெர்லிமாவிலோ ஜாசினிலோ, அந்தக் கூட்டத்தை யார் கூட்டினாலும் நான் வருகிறேன். ஏஎம்ஜே சாலையில் முறுக்கும் பையன்களையும் அழைக்க வேண்டும். எந்த வளைவில் மண் எப்படி வழுக்கும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்திருப்பது அவர்களுக்குத்தான்.